பரிட்சைக்கு நின்ற தறிகள்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அதிலும் சாதாரண முட்டாள் இல்லை. யாரும் கேட்காமலேயே, ஒரு தெருவில் இருந்த அத்தனை பட்டுத்தறிகளையும் பட்டப்பகலில் நிறுத்திக் காட்டியவன். எங்கள் தெருத் தறிகள் லேசில் நிற்கிறவை அல்ல. ஒரு ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் தறிக்குழிக்குள் இறங்கியபோது, வாளியால் மொண்டு கொட்டிவிட்டு, ஈரக் குழியில் காலைத் தொங்கப்போட்டு நெய்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களைத்தான் நான் நிறுத்தினேன். என் தங்கை படிக்க வேண்டும் என்பதற்காக.

தங்கை அப்போது சென்னையில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். நானும் கல்லூரிக்குப் போனவன்தான். பி.காம். மற்றவர்கள் மூன்று வருடத்தில் அவசர அவசரமாக முடிக்கிற படிப்பை நான் ஆற அமர, அனுபவித்துப் படித்தேன். சில பாடங்களை எனக்கு மிகவும் பிடித்துப்போய் நான்கைந்து முறை எழுதினேன். கடைசியில் பட்டமும் வந்தது, அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்து அப்பாவோடு நெய்ய ஆரம்பித்தேன். எனக்கு வராத மார்க்கெல்லாம் எங்கே போயிற்று என்று பார்த்தால், அது தங்கையிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே அவள்தான் முதல். தெருவில் யாராவது பிள்ளையைத் திட்டினால் அவளைக் காட்டித் திட்டுவார்கள். என்னைக் காட்டியும் திட்டுவார்கள். அது வேறு மாதிரி.

அந்த முறை பரிட்சைக்கு முன்னால் படிப்பு விடுமுறை விட்டு அவள் வந்து இறங்கியபோதே ஏதோ சரியில்லை. வழக்கமாக ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, பி.காம். முடிஞ்சுதா?" என்று கேட்பாள். பட்டம் வாங்கி எத்தனையோ வருடமான பிறகும் விடமாட்டாள். அன்று பையை மட்டும் நீட்டினாள். வண்டியில் வரும் வழியெல்லாம் நான் சொன்ன ஜோக்குகளுக்குப் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் ஜோக்குகளுக்குச் சிரிக்காமல் இருப்பதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம் என்று முன்பு அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருந்தாள். தெருப்பக்கத்து அறையில் ஜன்னலோரம் உட்காருவாள். புத்தகம் திறந்திருக்கும். காலையில் திறந்திருந்த பக்கமே மாலையிலும் திறந்திருக்கும். இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் அடுக்குவாள். வாய்க்குப் போவது கொஞ்சம்தான். கண்ணுக்குக் கீழே கருப்பு. தூங்கினாயா என்று கேட்டால் தூங்கினேன் என்பாள். இதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். அம்மா கண் திருஷ்டி என்றாள். அப்பா உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் வாங்கி வந்தார். பட்டதாரியான நான் மட்டும் விஞ்ஞானபூர்வமாக யோசித்தேன்.

எனக்குச் சாட்சியமும் கிடைத்தது. ஒரு மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் உள்ளே அப்பா தறியில் பலகையை இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி கடகடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துப்பறியும் ஆளைப் போல நான் மெல்லத் தலையை ஆட்டினேன். அவளுடைய போன் தட்டுக்குப் பக்கத்தில் துள்ளித் துள்ளிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

பிரச்சினை சத்தம். தெரு முழுக்கத் தறி, காலையிலிருந்து டக்கு டக்கென்று அடிக்கிறது. நடுவில் உட்கார்ந்து ஒரு பெண் எப்படிக் கணக்குப் போடுவாள்? அவள் பிறந்ததும், தூங்கியதும், பத்தாவதில் முதல் மார்க் வாங்கியதும் அதே சத்தத்துக்குள்தான் என்பது ஏனோ என் விஞ்ஞானத்துக்குத் தோன்றவில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதலில் எதிர்வீட்டு அக்கா. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஒரே தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து, சேலை உடம்புக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக நெய்கிறவர்கள். பேச்சும் அப்படித்தான், அக்கா ஒரு பக்கமிருந்து எறிந்தால் அவர் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்வார். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அமாவாசையும் இல்ல, சாவும் இல்ல. ஓடிக்கினு இருக்கிற தறிய எதுக்குப்பா நிறுத்தணும்?"

அக்கா கேட்டது நியாயம். எங்கள் தெருவில் தறி நிற்பது அந்த இரண்டுக்குத்தான். அமாவாசைக்கு எல்லோருக்கும் லீவு. யாராவது தவறிவிட்டால், உடலை எடுக்கிற வரைக்கும் தெருவில் ஒருவரும் நாடா எறியமாட்டார்கள். சொல்லிவைத்துச் செய்வதில்லை, ஒரு வீட்டில் அழுகை கேட்டதும் பக்கத்துத் தறி நிற்கும், அதைக் கேட்டு அடுத்தது நிற்கும். எடுத்து முடிந்ததும் குளித்துவிட்டு வந்து உட்காருவார்கள். அதனால் அமாவாசை அல்லாத நாளில் தெருமுனை திரும்பும்போதே சத்தம் இல்லையென்றால், வருகிறவர்கள் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"மூணாவதா பரிட்சைன்னு ஒண்ண சேத்துக்குங்கக்கா" என்றேன்.

அக்கா வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து, நான் பி.காம். படித்தபோது இப்படி நிறுத்தியிருந்தால் இந்தத் தெருவே பிழைப்புக்கு வேறு ஊர் போயிருக்க வேண்டும் என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள். என் சாமர்த்தியத்துக்காக இல்லை, அவள்மேல் இருந்த பிரியத்துக்காக. விடியலுக்கு முன்னால் கொஞ்சமும் விளக்கு வைத்த பிறகு கொஞ்சமும் நெய்துகொள்வது, நடுப்பகல் முழுக்கத் தறியைத் தொடுவதில்லை என்று பேசி முடித்தோம்.

மறுநாள் காலை டிபன் நேரம் தாண்டியதும் தெரு அடங்கியது. நான் பெருமையோடு தெருமுனையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன். தறி இல்லையென்றால் எனக்கு வேறு என்ன வேலை. ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவை மறித்து, ஹாரன் அடிக்காதீங்கண்ணா, உள்ள எம்.எஸ்சி. படிக்குது என்றேன். அவர், முன்னாடியே போர்டு வைக்கக் கூடாதா, ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்கினு மெதுவாத்தானே வந்தேன் என்றார். கீரைக்காரம்மா என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டுகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஊமை நாடகம் போலத் தெருவைக் கடந்தாள்.

சத்தம் நின்ற தெருவில் அன்பு கிளம்பியது. மத்தியானம் சும்மா இருக்கிற ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் மாகறல் கோயிலுக்குப் போய் அவள் பேருக்கு அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தார். கடைசி வீட்டு அத்தை பாதாம் அரைத்துப் பால் காய்ச்சி எடுத்து வந்தாள். யாரோ எலுமிச்சம்பழம், யாரோ ஞாபக சக்திக்கென்று வல்லாரை. வருகிறவர்கள் எல்லோரும் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓசைப்படாமல் வந்து, கொடுத்துவிட்டு, போகும்போது ஒரே விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்: நம்ம தெருவே உனக்காக நின்னுக்கினு இருக்குதும்மா, நீ கோல்டு மெடல் வாங்கணும்.

அவள் எல்லோருக்கும் சரி என்று தலையாட்டினாள். பாலை வாங்கி ஜன்னல்கட்டையில் வைத்தாள். அது அங்கேயே ஆடை கட்டியது. நான் அதைப் பார்த்தும், பாலில் சர்க்கரை குறைவோ என்றுதான் யோசித்தேன்.

இப்படிச் சில நாட்கள் போயிருக்கும். ஒரு முற்பகலில் திருப்புட்குழியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்குப் பங்காளி வழியில் அண்ணன். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்தவர். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினார், காது கொடுத்தார். ஒரு தறிச் சத்தமும் இல்லை. அமாவாசையும் இல்லை. நெய்கிற குடும்பத்தில் பிறந்த மனுஷன், வேறு எதை நினைப்பார்? பத்திரிகையைப் பைக்குள் அடியில் தள்ளிவிட்டு, வந்த வழியே பூக்கடைக்குத் திரும்பிப் போய் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டார். செருப்பை முனையிலேயே கழற்றினார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெதுவாக நடந்துவந்தார். நான் அப்போது காவலுக்கு இடைவேளை விட்டு வீட்டு வாசலில் நின்றிருந்தேன். என் முன்னால் வந்து நின்று, குரலே எழாமல் கேட்டார்.

"எப்பப்பா எடுக்கிறாங்க?"

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கொஞ்சம் மூளை உள்ளவன், ஐயோ பெரியப்பா, அப்படி ஒன்றுமில்லை என்று உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்திருப்பான். எனக்கு நாக்கு முந்திக்கொண்டது.

"பரிட்சை முடிஞ்சதும் பெரியப்பா."

அவருக்குப் புரியவில்லை. யாருப்பா என்று கேட்டார்.

"வயசுப் பொண்ணு. எம்.எஸ்சி. மேக்ஸ்" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கே தாங்காமல் உண்மையைச் சொன்னேன். பெரியப்பா கக்கத்தில் இருந்த துண்டை உருவி என்னை நாலு சாத்து சாத்தினார். தறியில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த தெரு முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு போடுங்க என்று பெரியப்பாவுக்கு உற்சாகம் கொடுத்தார். சில நாளாகக் கிசுகிசுத்தே பேசிக்கொண்டிருந்த தெரு, வாய்விட்டுச் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தங்கை வெளியே வந்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பெரியப்பாவின் எதிரில் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க பெரியப்பா. எனக்குத்தானே."

மாலையை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்தோம். அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. முதலில் எதிர்வீட்டு அக்கா சிரிப்பதை விட்டாள். பிறகு பெரியப்பா. பிறகு ஒவ்வொருவராக. அவள் மட்டும் இரண்டு கையிலும் மாலையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தெருவில் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியவன் நானாகத்தான் இருக்கும்.

அவள் திரும்பி உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். என் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பாதி நெய்த சேலையும் விரிந்த பாவு நூலும். மாலையைத் தரையில் வைத்திருந்தாள். அந்த நிலையிலும் ஈரப்பூவைப் பட்டின்மேல் வைக்கவில்லை. வைத்தால் சாயம் ஊறிக் கெட்டுவிடும்.

"சத்தம் தொந்தரவா இருக்குதுன்னு நான் உங்கிட்ட சொன்னேனாண்ணா?"

காதைப் பொத்திக்கொண்டதைச் சொன்னேன். போனுக்காகப் பொத்தினேன் என்றாள். பிறகு மெதுவாக, பாவைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். போனில் வகுப்புக் குழுவில் யார் எத்தனை யூனிட் முடித்தார்கள், யார் எத்தனையாவது முறை திருப்பிப் பார்க்கிறார்கள் என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். இந்த முறை உள்தேர்வில் ஒரு தாள் எழுத உட்கார்ந்தபோது, கேள்வியில் இருந்த எழுத்துகள் எழுத்துகளாகவே தெரியவில்லை. வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாளாம். தறிச் சத்தத்தில் படுத்தால் தூக்கம் வரும் என்று ரயிலில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தாளாம். அந்தச் சத்தத்தைத்தான் அண்ணன்காரன் நான் நிறுத்திக் கொடுத்தேன்.

"தறி நின்னா நம்ம தெருவுல இன்னா அர்த்தம்? நீ நிறுத்தின நாள்லேர்ந்து நான் என் சாவு வீட்ல உக்காந்துதான் படிச்சிக்கினு இருக்கேன். ஆளுங்க செருப்ப வெளிய விட்டுட்டு வராங்க, மெதுவா பேசறாங்க, போறாங்க. என்னை எடுத்துட்டா எல்லாரும் குளிச்சிட்டு வந்து அவங்கவங்க வேலைய பார்ப்பாங்கன்னு தோணுதுண்ணா."

எனக்கு எந்த இடத்திலும் ஏதாவது ஒரு ஜோக் வந்துவிடும். சாவு வீட்டில்கூட வந்து, அதை முழுங்குவதற்குப் படாத பாடு பட்டிருக்கிறேன். அன்று தேடினேன், ஒன்றும் இல்லை. நானும் அவள் பக்கத்தில் குழியில் காலைப் போட்டு உட்கார்ந்தேன். செத்துப்போக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல என் வாய்க்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. கேட்பதாலேயே அவள் அதை யோசிக்கத் தொடங்கிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

"சாவணும்னு இல்ல. இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மாகிட்ட சொல்லாத" என்றாள்.

சின்ன வயதிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததில்லை. என் அரியர்களை அவள் எத்தனை மறைத்திருக்கிறாள். "சொல்லுவேன்" என்றேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அம்மா பின்கட்டில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சொன்னதும் எழுந்து வந்தாள். குழியோரம் தரையில் உட்கார்ந்து தங்கையின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார், இப்பவே கூட்டிப்போகலாம் என்றேன். அப்பா அசையாமல் நின்றார்.

"அந்த டாக்டர்கிட்டயா? நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் இன்னாடா பேசுவான்?"

"பொண்ணு இருந்தாத்தானே கேட்டு வருவான்" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலேயே.

அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது பெரியப்பா அந்த மாலையைப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அதை எங்கே போட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பத்திரிகையை அவர் தபாலில்தான் அனுப்பினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தங்கையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். இது எல்லோருக்கும் வரக்கூடிய நோய்தான், படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே வருகிறார்கள், மாத்திரையும் பேச்சும் சேர்த்துக் கொடுத்தால் சரியாகும், சரியாகக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்றார். இப்போதைக்கு அவளைத் தனியாக விட வேண்டாம், அந்த எண்ணம் பலமாக வந்தால் எந்த நேரமானாலும் நேராக இங்கே கூட்டி வாருங்கள் என்றார். அப்பா தயங்கித் தயங்கி, பரிட்சை எழுதாவிட்டால் வருஷம் போய்விடுமே என்றார்.

"போகட்டும்ப்பா. வருஷம்தானே" என்றார் டாக்டர்.

அதோடு விட்டிருக்கலாம். என்னைப் பார்த்து, வீட்டில் வேறு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தெருத் தறிகளை நிறுத்திய கதையை நான் சொல்லவேண்டியதாயிற்று. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, என்னையும் அட்மிட் செய்யலாமா என்று யோசிக்கிறாரா, தெரியவில்லை. தங்கையின் வாயோரம் ஒரு நொடி அசைந்தது. அதை நான் பார்த்தேன். இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன்.

மறுநாள் மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. நிறுத்தச் சொல்வதைவிட ஓட்டச் சொல்வது கஷ்டம். காரணம் சொல்ல வேண்டுமே. ஏதாவது கதை விடலாம் என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா, அதுக்குள்ள படிச்சி முடிச்சிட்டாளா என்று கேட்டாள். முந்தின நாள் அந்தச் சிரிப்பைப் பார்த்தவளிடம் கதை விட வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை, மனசுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் ஒரு செய்தி முனைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பாவைப் பார்த்தார்.

"இவரும் அங்கதான்பா போனாரு. போன வருஷம் முழுக்க மாத்திரை. தலைவலிக்குன்னு சொல்லிக்கினு இருந்தோம்."

தினமும் என்னைக் கேலி செய்கிற மனிதர். அவர் காலால் மிதியை அழுத்தினார். ஜக்கார்டு பெட்டி மேலே ஏறிற்று. அக்கா நாடாவை எறிந்தாள்.

அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தெரு முழுக்க ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு வந்தபோது தங்கை தெருப்பக்கத்து அறையில் புத்தகத்தைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே. தறிச் சத்தம்தான் அவளைக் குணப்படுத்தியது என்று நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு விஞ்ஞானம் செய்து பட்டது போதும். மாத்திரை இருந்தது, வாரா வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சு இருந்தது, நல்ல நாளும் கெட்ட நாளும் இருந்தன. நாங்கள் மாற்றி மாற்றி அவளோடு இருந்தோம். அவள் அழுத நாட்களில் நானும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்கு எவ்வளவு கடினம் என்பதை என்னைத் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

அந்தப் பருவத்தில் அவளால் எழுத முடிந்த தாள்களை எழுதினாள். முடியாததை விட்டாள். முடிவு வந்த நாளில் இரண்டு பேரும் போனைப் பார்த்தோம். எங்கள் வீட்டின் இரண்டாவது அரியர்க்காரியை வரவேற்று நான் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன்: சங்கத்தில் இதுநாள்வரை தலைவரும் நானே, உறுப்பினரும் நானே, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தவித்தேன் என்றேன். தலையணை பறந்து வந்தது. தெருவில் கடைசி வீட்டு அத்தை மட்டும் ஒருநாள் கோல்டு மெடல் என்று வாயெடுத்தாள். எதிர்வீட்டு அக்கா பார்த்த பார்வையில் அத்தை வந்த காரியத்தை மாற்றி, தக்காளி இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது அவள் அடுத்த பரிட்சைக்கான விடுமுறைக்கு வந்திருக்கிறாள். புதுத் தாள்களோடு பழைய தாள்களும் எழுத வேண்டும். மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. வகுப்புக் குழுவின் வாயை அவளே அடைத்துவிட்டாள். ஜன்னலோரம் அதே இடத்தில் உட்காருகிறாள். பக்கம் திரும்புகிறது. சில நாள் நிறையத் திரும்புகிறது, சில நாள் குறைவாக.

எனக்குத்தான் வேலை ஓடவில்லை. நாலு ஊடை நூல் போடுவேன், பலகையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். பக்கம் புரளும் சத்தம் வருகிறதா, இருமுகிறாளா, எழுந்து நடக்கிறாளா. ஒன்றும் கேட்கவில்லையென்றால் குழியிலிருந்து ஏறி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு நடை, கத்தரிக்கோல் தேடுகிற சாக்கில் ஒரு நடை. கத்தரிக்கோல் என் மடியிலேயே கிடக்கும். இன்று காலையில் இப்படிப் பல நடை ஆன பிறகு, கதவோரம் போய் நின்று, டீ வேணுமாம்மா என்று கேட்டேன். மாத்திரை போட்டியா, ஃபேன் வேகமா வைக்கட்டுமா, வெயில் ஏறுதே ஜன்னலைச் சாத்தட்டுமா, நேத்து தூங்கினியா, இன்னைக்கு மனசு எப்படி இருக்குது, எதுவானாலும் அண்ணன்கிட்ட சொல்லு, உனக்கு நான் இப்ப என்ன பண்ணணும் என்று மூச்சுவிடாமல் கேட்டு முடித்தேன்.

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தறிய ஓட்டுண்ணா."